எங்கே உரசினாலும் பற்றும் குச்சி

"எங்கே உரசினாலும் பற்றும்" என்று அட்டையில் அச்சடித்திருந்தது. அது பொய். ஈரப் பாறையில் உரசினால் பற்றாது. வழுவழுத் தரையில் பற்றாது. வியர்வையில் ஊறிய காக்கிச் சட்டையில் பற்றாது. தலைமை அலுவலகத்துக் கோப்புகளில் உரசினால் பற்றுமா என்று பார்க்கும் ஆசை எனக்குப் பணிக்காலம் முழுக்க இருந்தது. வாய்ப்பு அமையவில்லை.

அந்த அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தவர் ஓர் இளம் பெண் வனவர். காட்டுத்தீப் பருவம் தொடங்கும் முன் ஓய்வுபெற்றவர்களை வனச்சரக அலுவலகத்துக்கு அழைத்து, ஒரு சால்வையைப் போர்த்தி, தேநீர் கொடுத்து, "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. சால்வை காட்டன். வெயில் காலத்துக்கு அது சரி.

முதலில் அவர்கள் தங்கள் உபகரணங்களை எனக்குக் காட்டினார்கள். காட்டில் எங்கே அனல் தெரிந்தாலும் செயற்கைக்கோள் பார்த்துக் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. சருகை ஊதித் தள்ள முதுகில் மாட்டும் இயந்திரம் இருக்கிறது. ஏறிவரும் தீயைத் தடுக்க நாமே எதிர்த்தீ வைப்பதற்கென்று நீண்ட மூக்குள்ள ஒரு கேன். சாய்த்துப் பிடித்து நடந்தால் எரியும் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே வருகிறது. நான் அந்தக் கேனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பொறாமைதான்.

"இதெல்லாம் இல்லாதப்ப நீங்க எதுலங்கய்யா எதிர்த்தீ வெச்சீங்க?" என்று அந்த வனவர் கேட்டார்.

"குச்சியில்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் தன் முதுகுப்பையைத் துழாவி அந்தப் பெட்டியை எடுத்தார். "இதுங்களாய்யா? மலையேறப் போறவங்க வாங்கறது. நானும் ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன்."

திறந்து பார்த்தேன். சிவப்புத் தலை, அதன் உச்சியில் வெள்ளைப் புள்ளி. அதேதான். மூடி, காதருகே வைத்து மெல்ல அசைத்தேன். கடகடவென்று சத்தம் கேட்டது.

"இதை இப்படியேவா பையில் போட்டு பைக்கில் போகிறீர்கள்?"

"ஆமாங்கய்யா. ஏன்?"

அந்த 'ஏன்' என்ற கேள்விக்குச் சால்வையோடு உட்கார்ந்து பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

சாதாரணத் தீக்குச்சிக்குத் தனியாக வாழத் தெரியாது. அதன் மருந்தில் ஒரு பாதி குச்சியின் தலையில் இருக்கிறது, மறுபாதி பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் தீ. பெட்டி நனைந்துவிட்டால் குச்சியால் பல் குத்தலாம். வெள்ளை நுனிக் குச்சி அப்படியல்ல. இரண்டு பாதியும் ஒரே தலையில் உட்கார்ந்திருக்கின்றன. காய்ந்த, சொரசொரப்பான எதுவும் அதற்குப் போதும். இன்னொரு குச்சியின் தலையும் போதும். அதனால்தான் அது காட்டில் நம்பத் தகுந்தது. அதனால்தான் அதைக் கடகடவென்று பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போகக் கூடாது.

நான் சேலம் டவுனில் பிறந்தவன். அப்பா கணக்கு வாத்தியார். தாவரவியல் படித்தேன், தேர்வெழுதி வனவர் ஆனேன், பயிற்சிப் பள்ளியில் மரங்களின் பெயர்களை லத்தீனில் உருப்போட்டேன். காட்டுத்தீயைப் பற்றிய பாடத்தில் 'தேவையெனில் எதிர்த்தீ இடுக' என்று ஒரு வரி இருந்தது. தேவை எப்போது என்றோ, எப்படி இடுவது என்றோ அதற்கு அடுத்த வரியில் இல்லை. அடுத்த வரி சந்தன மரத்தைப் பற்றியது.

பனமரத்துப்பட்டிப் பக்கம் சில வருடங்கள் இருந்தேன். பிறகு எருமப்பட்டிக்கு வடக்கே, கொல்லிமலையின் அடிவாரத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் ரேஞ்சர் குழந்தைவேலு எனக்கு மேலதிகாரியாக வந்தார்.

பள்ளிபாளையத்துக்காரர். என்னைவிட வயதில் சிறியவர், நேரடித் தேர்வில் ரேஞ்சர் ஆனவர். அந்தக் காரணத்துக்காகவே முதல் மாதம் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் உத்தரவு போட்டு நான் கேட்டதில்லை. என்னிடம் கேள்விதான் கேட்பார். "ஏனுங்க ஆரோக்கியம், அந்தக் காவக் கோபுரத்துப் படி ஆடுதுங்களே, பாத்தீங்களா?" என்றால் மாலைக்குள் படி ஆடக் கூடாது என்று பொருள். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ஒரே மூச்சில் நாலைந்து 'ங்க' விழுந்தால் யாருக்கோ இடமாற்றம் வருகிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. குரல் உயர்த்தியும் பார்த்ததில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. தீயை 'அது' என்று சொல்லமாட்டார். 'அவரு' என்பார். "அவரு கிழக்கால இருந்து வாராருங்க." "அவரு இன்னும் தூங்கலீங்க, அந்தக் கட்டைக்குள்ள இருக்கறாருங்க." முதலில் நான் அதை அவருடைய கிராமத்துப் பக்தி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பட்டம் வாங்கியவனுக்கு இப்படிச் சில சௌகரியங்கள் உண்டு.

தீப் பருவத்தில் மலைக்குள் போகிற எவரும் கீழே சோதனைச்சாவடியில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கொண்டுவந்த ஏற்பாடு. ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், கோயிலுக்குப் போகிறவர் யாருக்கும் விலக்கில்லை. முக்கியமாக, எங்களுக்கும் இல்லை. சாவடியில் ஒரு மூங்கில் கூடை இருக்கும். காலை பத்து மணிக்கெல்லாம் அது தீப்பெட்டியால் நிறைந்துவிடும். அந்தக் கூடையைப் பார்க்கும்போது, ஒரு மலையை எரிக்க மனிதர்கள் தினமும் எவ்வளவு தயாராகப் புறப்பட்டு வருகிறார்கள் என்று தோன்றும்.

தீத்தடுப்புக் காவலர் மாரப்பனுக்கு இந்த ஏற்பாடு ஒரு தண்டனை. தினம் சாவடியைத் தாண்டியதும் தொடங்கிவிடுவார். "மடியில பீடி இருக்குதுங்க, பத்த வெக்க நெருப்பு இல்லீங்க. கண்ணாலம் பண்ணிக் குடுத்துப்போட்டு, பொண்ண மட்டும் அவிங்க அப்பனூட்லயே வெச்சுக்கிட்ட மாதிரிங்க."

துடைப்பத்துக்குப் புல் அறுக்க வரும் பெண்கள் எங்களை இன்னும் மோசமாக வாரினார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் பாவாயி. கையில் அரிவாள், தலையில் சும்மாட்டுத் துணி, வாயில் எப்போதும் எங்களுக்கென்று ஏதாவது. நான் கூடையை நீட்டினால், "தீப்பெட்டிங்களா? எங்கூட்டு அடுப்பையும் இனிமே நீங்களே வந்து பத்த வெச்சுட்டுப் போயிருங்க சாமி. வந்ததுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தறேன்" என்பார். மற்றப் பெண்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். காக்கிச் சட்டைக்குள் நான் சிவந்துபோவேன்.

ரேஞ்சரிடம் மட்டும் வெள்ளை நுனிக் குச்சி இருந்தது. சட்டைப்பையில், பொத்தான் போட்டு, ஒரு சிறிய டப்பாவில் வைத்திருப்பார். ஒருநாள் நான் விதியைக் காட்டிக் கேட்டேன். "எல்லாரும்னா நீங்களும்தானே சார்?"

"நெருப்பக் கொண்டு போறவன் ஒருத்தன் இருக்கோணுமுங்க ஆரோக்கியம். அது யாருன்னு எல்லாருக்கும் தெரியோணுமுங்க. அவ்வளவுதானுங்க."

மூன்று 'ங்க'. நான் விட்டுவிட்டேன்.

அவர் கையிருப்பு குறைந்ததும் அந்தக் குச்சியைத் தேடிப் பிடிப்பது என் பொறுப்பாக ஆனது, நான் டவுன்காரன் என்ற ஒரே காரணத்தால். செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே திரும்பி, "டேய், சாருக்குச் செவுத்துல ஒரசுனா எரியற குச்சி வேணுமாம். செவுரு நம்முதா, சார் கொண்டாருவாரான்னு கேளு" என்றார். இன்னொருவர் "அதான் இது" என்று அடித்துச் சொல்லி ஒரு பெட்டியை நீட்டினார். அவர் கடைக் கல்படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரசினேன். படியில் சிவப்புக் கோடுகள் விழுந்ததோடு சரி. போகிறவர் வருகிறவர் எல்லாம் அரசாங்க உடுப்பில் ஒரு மனிதன் படிக்கட்டில் கோலம் போடுவதை நின்று பார்த்தார்கள்.

கடைசியில் வழி காட்டியது நாமக்கல் லாரிகள்தான். தெற்கே தீப்பெட்டி செய்யும் ஊர்களுக்கு லோடு அடித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர், வெளிநாட்டுக்கு அனுப்பச் செய்ததில் கழித்துப் போட்ட சரக்கு சில சமயம் கிடைக்கும் என்றார். சில மாதங்களில் ஒரு பொட்டலத்தோடு அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தினார். பெருமையாகக் கேபின் கதவைத் திறந்தார். பொட்டலம் என்ஜின் மூடியின்மேல், ஒரு ஸ்பேனருக்கும் டிபன் கேரியருக்கும் நடுவில் கிடந்தது. தெற்கிலிருந்து இதுவரை அது அங்கேதான் குலுங்கிக்கொண்டே வந்திருந்தது. அதன் கீழே என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது.

ரேஞ்சர் வெளியே வந்து பார்த்தார். பொட்டலத்தை இரண்டு கைகளாலும், தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, வேப்பமர நிழலில் தரையில் வைத்தார். பிறகு டிரைவரிடம் திரும்பி, "உங்களுக்கு ஆயுசு கெட்டிங்க. ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

அந்தக் குச்சிகளைச் சேமிக்கும் முறையை இனி எழுதுகிறேன். அந்தப் பெண் வனவர் இதை மட்டும் படித்தால்கூடப் போதும்.

தகர டப்பா கூடாது. தகரம் உரசும், வெயிலில் சுடும். எங்களுக்குப் பொருந்தியது போட்டோ பிலிம் ரோல் வரும் சின்னப் பிளாஸ்டிக் டப்பா. ஸ்டுடியோக்காரர்கள் குப்பையில் போடுவதைக் கேட்டு வாங்கிவருவேன். குச்சியின் உயரத்துக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். அடியில் பஞ்சு. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம், கீழ்நோக்கி. எடுக்கும்போது விரலுக்கு வால்தான் அகப்பட வேண்டும். ஒவ்வொரு குச்சிக்கும் நடுவில் மெல்லிய பஞ்சுத் திரை, ஒரு தலை இன்னொரு தலையைத் தொடாதபடி. ஆடினால் தப்பு. இழுக்கும்போது இறுகினாலும் தப்பு. ஆகவே ஒரு டப்பாவில் கொஞ்சம்தான் வைக்க முடியும். நிறைய வைக்கலாமே என்று தோன்றினால் இன்னொரு டப்பா எடுக்க வேண்டும். மூடியை அழுத்தியபின் விளிம்பைச் சுற்றி மெழுகு. குச்சித் தலையை மெழுகில் முக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் அவசர நேரத்தில் மெழுகைச் சுரண்டிக்கொண்டு நிற்பார்கள்.

மெழுகு என் பங்கு. எங்கள் மாதா கோவிலில் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவேன். "மாதா குடுத்ததுங்களா?" என்று ரேஞ்சர் ஒவ்வொரு முறையும் கேட்டு, ஒரு துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே உருக்குவார்.

டப்பாக்களைப் புது மண்பானையில், மணலுக்குள் புதைத்து வைத்தோம். அறையில் மண்ணெண்ணெய் கூடாது, கோப்புகள் கூடாது, ஜன்னல் வெயில் கூடாது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு குச்சியை வாசல் கருங்கல்லில் உரசிச் சோதிப்போம். எரிந்த குச்சியை ஊதி அணைத்து இரண்டாக ஒடிக்க வேண்டும். ஒடித்த இடத்தை விரலால் தொட வேண்டும். சுட்டால் கையிலேயே இருக்க வேண்டும், சுடாவிட்டால் பையில் போடலாம். எந்த நிலையிலும் தரையில் போடக் கூடாது. இதில் அவர் காட்டிய கண்டிப்பு எனக்கு வேடிக்கையாக இருந்தது. அலுவலக முற்றத்தில், சுற்றிலும் மொட்டைத் தரை, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் ஒரு வனச்சரக அலுவலர் அரைக் குச்சியை விரல் நுனியில் தடவிக்கொண்டு நிற்பார். சேலத்தில் இதை யாரிடமும் சொல்ல முடியாது.

ஒரு பங்குனி மாதம். அந்த வருடம் கோடைமழை ஏமாற்றியிருந்தது. தீத்தடுப்புக் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரேஞ்சரும் நானும் மாரப்பனும் இன்னும் சில காவலர்களும் ஏறினோம். தீத்தடுப்புக் கோடு என்பது புல்லையும் செடியையும் செதுக்கி எடுத்த வெற்றுப் பட்டை. தீ வந்தால் தின்ன ஒன்றும் இல்லாமல் அங்கே நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. எங்களுக்கு முன்னால் பாவாயியும் பெண்களும் போயிருந்தார்கள். வழக்கப்படி எல்லாத் தீப்பெட்டியும் கூடையில்.

உச்சி வெயிலில் கீழ்ச்சரிவில் புகை தெரிந்தது. எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. 'அடையாளம் தெரியாத நபர்' என்று அறிக்கையில் நானே எழுதினேன். இலாகாவின் வரலாற்றில் மிக அதிகமான காடுகளை எரித்தவர் அவர்தான்.

பகலில் மலைக்காற்று கீழிருந்து மேலே ஏறும். தீயும் அதோடு ஏறும். நாங்கள் வந்த பாதை சற்று நேரத்தில் புகைக்குள் போய்விட்டது. பெண்கள் புல்கட்டுகளைப் போட்டுவிட்டு, கீழே இருந்த மலைமடிப்பிலிருந்து மேலே ஓடிவந்து, நாங்கள் நின்ற கோட்டில் சேர்ந்தார்கள். பக்கவாட்டில் போகலாம் என்று பார்த்தால் ஓடைப் பள்ளத்து வழியாக ஒரு தீ முனை எங்களுக்கு முன்பே மேலே போயிருந்தது. முதுகுக்குப் பின்னால் செங்குத்துப் பாறை. ஆடுகூட ஏறாத இடம். முன்னால் சரிவு முழுக்க ஆள் உயரக் காய்ந்த புல், அதற்குக் கீழே தீ.

ரேஞ்சர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க ஆரோக்கியம், கோடு எவ்வளவு அகலமுங்க?"

"ஒரு மாட்டுவண்டி போகும் சார்."

"அவரு தாண்டிருவாருங்களா?"

புல்லின் உயரத்தைப் பார்த்தேன். "தாண்டிருவார் சார்."

"அப்ப அவரு வந்து சேர்றதுக்குள்ள இந்தப் பக்கத்துச் சாப்பாட்ட நாமளே காலி பண்ணிருலாமுங்களா?"

எதிர்த்தீயைத்தான் சொன்னார். கோட்டின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கிப் புல்லை நாமே கொளுத்திவிட்டால், பெருந்தீ வரும்போது எரிய ஒன்றும் இருக்காது. பாடத்தில் படித்த அந்த ஒரு வரி. தவறான நேரத்தில் வைத்தால் அது மேலேறும் காற்றில் எங்கள் பக்கமே திரும்பும் என்பது படிக்காமலேயே எனக்குப் புரிந்தது.

அவரிடம் ஒரு டப்பாதான் இருந்தது, அதில் கொஞ்சம் குச்சிகள்தான் இருந்தன. அதைத் தொடும் முன் ரேஞ்சர் காவலர்கள் பக்கம் திரும்பினார். "பீடிக்கு யாராச்சும் ஒளிச்சுக் கொண்டாந்திருந்தா இப்பக் குடுங்க. நான் பாக்கலீங்க."

ஒரு கணம் எல்லோரும் மலையை வேடிக்கை பார்த்தார்கள். பிறகு மாரப்பன் தலைப்பாகையை அவிழ்த்தார். உள்ளே நாலு குச்சி, ஓரத்தில் சாவடியை ஏமாற்ற வசதியாகப் பெட்டியிலிருந்து கிழித்தெடுத்த பக்கவாட்டு அட்டை. இன்னொருவர் அரைஞாண் கயிற்றிலிருந்து அதேபோல் ஒரு ஜோடியை எடுத்தார். வேறொருவர் காது மடலுக்குப் பின்னாலிருந்து. முழுப்பெட்டி துருத்திக்கொண்டு தெரியும் என்று பிரித்துக் கொண்டுவந்திருந்தார்கள். மலையேறிய வியர்வையில் அட்டைகள் ஊறியிருந்தன. மாரப்பன் உரசினார். அட்டையின் மருந்து சேறுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்றை உரசினார். அதுவும் வந்தது. குச்சியை மட்டும் பாறையில் தேய்த்தார். செவ்வாய்ப்பேட்டைப் படிக்கட்டில் நான் போட்ட அதே கோலம்.

மலை முழுக்க எரிந்துகொண்டிருந்தது. எங்களிடம் ஒரு பொறிகூட இல்லை.

ரேஞ்சர் பொத்தானைக் கழற்றி டப்பாவை எடுத்தார். பேனாக்கத்தியால் மெழுகைச் சுற்றிக் கீறினார். அவசரமே இல்லை. ஒரு குச்சியை நேராக மேலே இழுத்தார். அதைப் பற்ற வைக்கவில்லை. விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

"என்ன சாமி பாத்துட்டு நிக்கறீங்க?" பாவாயி கத்தினார். அந்தக் குரலில் கேலி இல்லை. "ஊட்ல எம்புள்ளைக இருக்குதுங்க! பத்த வெய்யிங்க!"

"அவரு கூப்புடோணுமுங்க அம்மா."

"யாருங்க?"

ரேஞ்சர் தீயைக் காட்டினார். பிறகு காய்ந்த புல்லைக் கசக்கித் தூளாக்கி, கையை உயர்த்தி உதிர்த்தார். தூள் எங்கள் முகத்தை நோக்கிப் பறந்தது. காற்று இன்னும் கீழிருந்து மேலே. மறுபடி உதிர்த்தார். மறுபடி முகத்துக்கு. இதற்குள் தீயின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. தகரக் கூரையில் பெருமழை பெய்வது மாதிரி இருந்தது, மழை கீழிருந்து மேல்நோக்கிப் பெய்வது மாதிரி. ஒரு கீரி கோட்டைத் தாண்டி எங்கள் கால்களுக்கிடையே ஓடியது. யாரும் விலகவில்லை, அதுவும் எங்களைப் பொருட்படுத்தவில்லை. பெண்களில் ஒருவர் அரிவாளை இன்னும் கையில் இறுகப் பிடித்திருந்தார். நான் அருள்நிறை மரியே செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்கினேன்.

மறுபடி உதிர்த்தார். தூள் நேராகக் கீழே விழுந்தது.

காற்று நின்றுவிட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே எங்களைச் சுற்றி மட்டும் ஓர் அறை மாதிரி அசைவற்றுப்போனது. பிறகு என் வாழ்நாளில் மறக்க முடியாததைப் பார்த்தேன். தரையில் கிடந்த ஒரு சருகு நகர்ந்தது. தீயிலிருந்து விலகி அல்ல, தீயை நோக்கி. அடுத்தது இன்னொன்று. பிறகு கோடு முழுவதும் சருகுகள் எழுந்து, யாரோ அழைத்ததுபோல், சரிவில் கீழே ஓடத் தொடங்கின. புற்கள் தலையைத் தீயின் பக்கம் சாய்த்தன. என் சட்டை முதுகில் ஒட்டியது. அத்தனை பெரிய நெருப்பு மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கியிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். சூடான காற்று மேலே எழும், அந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்று ஓடும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அங்கே நின்றபோது எனக்குத் தோன்றிய ஒரே சொல் ரேஞ்சருடையது. அவரு.

"இப்பங்க" என்றார் ரேஞ்சர்.

முதல் குச்சியைப் பாறையில் உரசினார். தலை முறிந்து எங்கோ தெறித்தது. பற்றவில்லை. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. இரண்டாவதை எடுத்தார். மண்டியிட்டு, தன் தொப்பியைக் கழற்றிக் காற்றுக்கு மறைப்பாக வைத்து, பாறையின் வேறொரு முகத்தில், குச்சியைத் தலைக்குப் பக்கத்தில் விரலால் தாங்கிப் பிடித்து இழுத்தார். சீறிக்கொண்டு பற்றியது. தொப்பிக்குள் ஒரு வெள்ளை வெளிச்சம் தெரிந்து மஞ்சளானது. என் கையிலிருந்த புல்கற்றையை நீட்டினேன். அது பிடித்தது.

"ஓரமாப் போங்க ஆரோக்கியம். விட்டு விட்டு வெச்சுட்டுப் போங்க."

நான் கோட்டின் விளிம்பில் தீ வைத்துக்கொண்டே போனேன். மாரப்பன் என் கற்றையிலிருந்து பற்றவைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். பெண்கள் யாரும் சொல்லாமலே பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு கோட்டின் மேல்பக்கம் வரிசையாக நின்று, பறந்து விழுந்த பொறிகளை அடித்தார்கள். அந்தச் சின்னத் தீ முதலில் தயங்கியது, முழங்கால் உயரத்தில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது. அப்புறம் அந்த மூச்சு அதைப் பிடித்தது. எழுந்தது. ஆள் உயரம், மரத்தின் உயரம். சரிவில் இறங்கி, தன்னைவிடப் பெரியதை நோக்கி ஓடியது.

இரண்டு தீயும் சந்தித்ததை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை. இரண்டும் ஒன்றாகி ஒரு தூணாக மேலே போயின. அதன் உச்சியைப் பார்க்கக் கழுத்தை முழுதாகச் சாய்க்க வேண்டியிருந்தது. ஓர் ஓசை வந்தது, காதில் கேட்டது பாதி, நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது பாதி. பிறகு தூண் இல்லை. எரிய எதுவும் இல்லை என்பதால் அது நின்றுவிட்டது. யாரோ கதவைச் சாத்தியதுபோல் அமைதி. கரிய சரிவில் அங்கங்கே புகை நூல்கள். மேலேயிருந்து சாம்பல் மெதுவாக, எந்த அவசரமுமின்றி, பெண்களின் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது. யாரும் அதைத் தட்டிவிடவில்லை. பாவாயிகூட.

இன்றும் ஈஸ்டருக்கு முந்தின இரவு, திருவிழிப்புப் பூசையில் கோவில் முற்றத்தில் புதுத்தீ மூட்டும்போது, எல்லோரும் மெழுகுவர்த்தியைப் பார்ப்பார்கள். நான் தரையில் கிடக்கும் சருகைப் பார்ப்பேன்.

தரை ஆறும்வரை காத்திருந்து கரிமேல் இறங்கினோம். ரப்பர் செருப்புகள் அடியில் இளகி ஒட்டின. புல்கட்டுகள் போட்ட இடத்தில் சாம்பல் குவியல்கள்கூடத் தெரியவில்லை. சாவடியில் மூங்கில் கூடை வைத்த இடத்திலேயே இருந்தது. மாரப்பன் தன் பெட்டியைப் பொறுக்கி எடுத்து, ஒரு குச்சியைக் கிழித்தார். பீடி வாயில் தயாராக இருந்தது. ஆனால் குச்சியை அங்கே கொண்டுபோகவில்லை. விரல் சுடும்வரை அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதறிவிட்டு, பீடியை மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

பாவாயி ரேஞ்சரிடம் வந்தார். புருவம் பொசுங்கியிருந்தது.

"சாமி, அந்தக் குச்சி எங்கீங்க?"

"எந்தக் குச்சிங்க?"

"நீங்க பத்த வெச்சீங்களே, அதுங்க."

அது எரிந்து எங்கோ போயிருக்கும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அத்தனை தீக்கு நடுவே ஒரு குச்சி. ரேஞ்சர் சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றி விரல்களை உள்ளே விட்டார். உள்ளங்கையை நீட்டினார். கரிந்த குச்சி ஒன்று, இரண்டு துண்டாக.

நான் புல்கற்றையோடு திரும்பி ஓடிய அந்த நேரத்தில், முன்னால் ஒரு மலைச்சரிவு எரிந்து வந்துகொண்டிருக்க, தன் காலடியிலேயே தான் வைத்த தீ எழுந்துகொண்டிருக்க, அந்த மனிதர் குச்சியை ஊதி அணைத்திருக்கிறார். ஒடித்திருக்கிறார். தொட்டுப் பார்த்திருக்கிறார். பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டியிருக்கிறார்.

பாவாயி குனிந்து பார்த்தார். "இத்துனூண்டுங்களா?"

"இத்துனூண்டுதானுங்க. தொட்டுப் பாருங்க, சூடு இருக்குதுங்களா?"

அவர் ஒரு விரலால் பயந்து பயந்து தொட்டார். இரண்டு துண்டையும் தொட்டார்.

"இல்லீங்க சாமி. ஆறிப்போச்சுங்க."

"அப்பச் சரிங்க" என்றார் ரேஞ்சர். "ஊட்டுக்குப் போங்க. புள்ளைக பாத்துட்டிருக்கும்."